ஃபுட்செக் என்றொரு பெயர்

வெருலம் நாய்க் காப்பகத்திலிருந்து
பிக்கப் வண்டியின் பின்னால்
கட்டிய கயிற்றைத் தின்றுகொண்டே வந்தது.
எங்கள் கேட்டைத் தாண்டும்போது
பாதிக் கயிறு அதன் வயிற்றில்,
மீதி என் கையில்.

படிவத்தில் எழுதியிருந்தது:
ஆண். மூன்று வயது இருக்கலாம்.
காவல் நிறுவனம் வேண்டாமென்று விட்டது;
காரணம், திருடனிடமும் வாலாட்டுகிறது.
பெயர் என்ற கட்டத்தில் ஒரு கோடு.

ஏற்கெனவே எங்களிடம் மூன்று.
பட்டாணி, காது கிழிந்த கருப்புப் பெட்டை,
இந்தச் சேப்பங்கிழங்கு வயலில்
என்னைவிட அதிக உரிமையுள்ளவள்.
அவள் மகன் ஜெனரல்:
உடம்பு டிராக்டர், மனசு கோழிக்குஞ்சு.
பிறகு துலானியோடு வேலைக்கு வந்து
சம்பளமில்லாமல் தங்கிவிட்ட இன்ஜா.
சூலு மொழியில் இன்ஜா என்றால் நாய்.
அதற்குமேல் பெயர் எதற்கு என்பான் துலானி.

முதல் நாள் சேதம்:
இரண்டு கோழி,
சொட்டுநீர்க் குழாய் ஆறடி,
என் ரப்பர் பூட்ஸில் இடது கால்,
அம்மன் கூழுக்குக் கரைத்து வைத்த மாவு
(பாத்திரம் மட்டும் பளிச்சென்று இருந்தது).
மண்வெட்டியை ஓங்கித் துலானி கத்தினான்:
ஃபுட்செக்!
தொலைந்து போ என்று
இந்த நாட்டில் எல்லா மொழிக்காரரும்
எல்லா நாய்க்கும் சொல்லும் சொல்.

அது ஓடி வந்தது.
காது மடிய, இடுப்பே வாலாகி ஆட,
அவன் காலடியில் உட்கார்ந்து
கூப்பிட்டீர்களா என்று பார்த்தது.

நானும் சொல்லிப் பார்த்தேன், மெதுவாக.
வந்தது.
அன்றிரவு சோறு இறங்கவில்லை.
எத்தனை கேட், எத்தனை செருப்பு, எத்தனை வாய்
சேர்ந்து வைத்த பெயர்.

உடனே சேர்த்து விடாதே என்றார் கால்நடை டாக்டர்,
நடக்க விடு, தள்ளித் தள்ளி.
காலை ஐந்து மணி, கரும்புக்கு நடுவே வண்டிப்பாதை.
இந்த ஓரம் நான், அதோடு.
அந்த ஓரம் துலானி, பட்டாணியோடு.
நடுவில் பன்னிரண்டு அடி சிவப்பு மண்.
ஹடேடா பறவைகள் தலைக்கு மேல்
எங்களைத் திட்டிக்கொண்டே கடலுக்குப் போயின.
இரண்டாம் நாள் என் தோள்மூட்டு வீங்கியது.
மூன்றாம் நாள் ஜெனரல் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால்,
சாப்பிடக்கூட வரவில்லை.
ஐந்தாம் நாள்
இன்ஜா எங்கள் பின்னால் வந்ததை
யாரும் கவனிக்கவில்லை. கயிறு நழுவியது.
ஒரே உருண்டை: மண், மயிர், பல்.
இன்ஜாவுக்கு நான்கு தையல்.
துலானி இரண்டு நாள் பேசவில்லை.
மூன்றாம் நாள் பேசினான்:
உங்கள் இரக்கத்துக்கு
என் நாய் காசு கட்டுகிறது, மிஸ் கோகிலம்.

என்னிடம் பதில் இல்லை.
திருப்பி அனுப்பப் படிவத்தைத் தேடினேன்.
அதையும் கடித்திருந்தது,
காப்பகத்தின் எண் இருந்த மூலையை மட்டும்.

ஒன்பதாம் நாள், தூறல்.
பட்டாணி நடப்பதை நிறுத்தினாள்.
என்ன தோன்றியதோ, துலானி கயிற்றைத் தளர்த்தினான்.
அந்தப் பன்னிரண்டு அடியை
கிழட்டு இடுப்பை இழுத்து அவளே கடந்தாள்.
வரவுசெலவு பார்ப்பவள் போல
நிதானமாகப் பின்புறம் முகர்ந்தாள்.
அது துள்ளியது.
மூக்கின்மேல் ஒரே கடி.
ரத்தமில்லை, சந்தேகமுமில்லை.
மல்லாந்து படுத்தது.
வயிற்றில் முள்கம்பி நீளத்துக்கு ஒரு பழைய தழும்பு.
அவள் அதன்மேல் ஒரு காலை வைத்துக்கொண்டு
வேறெங்கோ பார்த்தாள்.

வேறு பெயர் வைத்துப் பார்த்தோம்.
வீரா. டைகர். சனிக்கிழமை வந்ததால் சனி.
எதற்கும் காது அசையவில்லை.
போகிறேன் என்று சொல்லி
வாசல் தாண்ட மாட்டோம் நாம்;
போய்வருகிறேன் என்போம்.
போ என்பதற்குப் பின்னால் யாரும் சொல்லாத வா
அதற்கு மட்டும் கேட்டிருக்கிறது போல.

இப்போது கோழிகளை அடைத்துவிட்டு
மாலையில் நான் கத்துகிற கத்தலுக்கு
சாலையில் போகும் டாக்ஸிக்காரர்கள்
தலையை வெளியே நீட்டிப் பார்க்கிறார்கள்.
பட்டாணி! ஜெனரல்! இன்ஜா! ஃபுட்செக்!
மூன்று வந்து நிற்கின்றன.
நாலாவது வருகிறது,
வாயில் வலது கால் பூட்ஸ்.